அமராவதிநகர் சைனிக் பள்ளி: ஓட்டத்தில் ஆர்வமுள்ள பையனை ஆறாவதில் சேர்க்கலாமா?

தாராபுரத்தான் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. எனக்குத் தாராபுரம் பக்கம் கிராமம், கொஞ்சம் தென்னை இருக்கிறது, அது போக வாடகைக்கு டிராக்டர் ஓட்டுகிறேன். பையன் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஐந்தாவது, தமிழ் மீடியம். கணக்கில் கெட்டி, மற்றதெல்லாம் சுமார். ஆனால் ஓட்டம் என்றால் உயிரை விடுவான். வாய்க்கால் கரையில் நான் எக்ஸ்.எல். வண்டியில் போனால் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் கூடவே ஓடி வருவான், போன பொங்கலுக்கு ஊரில் வைத்த போட்டியில் ஏழாவது எட்டாவது பையன்களை முந்தி ஒரு சில்வர் குடம் வாங்கிவிட்டான், அதிலிருந்து வீட்டில் யாரும் அவனை ஒன்றும் சொல்ல முடியவில்லை.

என் மச்சினன் லாரி டிரைவர். அமராவதி அணைப் பக்கம் அடிக்கடி போவார். அவர்தான் அங்கே சைனிக் பள்ளி இருக்கிறது, படிப்பும் விளையாட்டும் ஒன்றாகச் சொல்லிக் கொடுப்பார்கள், வெளியே வந்தால் நேராக ராணுவ ஆபீசர், பையனைப் போடு என்று நச்சரிக்கிறார். ஒரு கோச்சிங் சென்டரில் விசாரித்தேன். நாலு மாதம் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும் என்று அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு, பிறகு பேசுகிறேன் என்று வந்துவிட்டேன்.

என் சந்தேகங்கள் இவைதான். ஆறாவதில் சேர்ப்பதா, கொஞ்சம் வளரட்டும் என்று ஒன்பதாவதில் சேர்ப்பதா? அங்கே போனால் ஓட்டத்தில் பெரிய ஆளாக வருவானா? ஆபீசர் வேலை நிச்சயமா? தமிழ் மீடியம் பையன் தாக்குப் பிடிப்பானா? அப்புறம் வீட்டுக்காரி, பத்து வயதுப் பிள்ளையை யாராவது காட்டோரம் கொண்டுபோய் விடுவார்களா என்று நான்கு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. அதற்கும் யாராவது வழி சொன்னால் புண்ணியம்.

---

பழைய அமராவியன்

அண்ணா வணக்கம்ங்க. நான் அங்கே ஆறாவதில் சேர்ந்து பன்னிரண்டாவது வரை ஏழு வருடம் இருந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இப்போது சட்டதிட்டங்கள் சில மாறியிருக்கின்றன, எங்கள் கால நிலவரத்தை எங்கள் காலம் என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில் மச்சினன் சொன்னதில் பாதி சரி. சைனிக் பள்ளிகளின் நோக்கமே பையன்களை என்.டி.ஏ. என்கிற ராணுவ அதிகாரிப் பயிற்சி அகாடமிக்குத் தயார் செய்வதுதான். கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது 1961-இல் தொடங்கிய திட்டம். அதிகாரிகள் எல்லாம் ஒருசில மாநிலத்திலிருந்தும் வசதியான வீட்டிலிருந்துமே வருகிறார்கள், மற்ற இடத்துப் பையன்களும் வரட்டும் என்பது யோசனை. அமராவதிநகர் பள்ளி 1962 ஜூலையில் வந்தது. அணை கட்டி முடித்து ஐந்து வருடம் இருக்கும். உடுமலைக்குத் தெற்கே, மலை அடிவாரம். உங்கள் ஊர் வழியாக ஓடுகிற அதே ஆறுதான், அது மலையை விட்டு இறங்குகிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அங்கே படித்தால் நேராக ஆபீசர் என்பது இல்லை. பன்னிரண்டாவது படிக்கும்போது மற்ற எல்லாரையும் போல யு.பி.எஸ்.சி. நடத்துகிற தேர்வை எழுத வேண்டும், எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண், அதில் தேறினால் எஸ்.எஸ்.பி. என்ற ஐந்து நாள் நேர்முகத் தேர்வு, அதற்கும் 900, அப்புறம் மருத்துவப் பரிசோதனை. நாடு முழுக்க ஒரு தேர்வுக்கு ஏறக்குறைய 400 இடம், வருடத்துக்கு இரண்டு தடவை. சைனிக் பையன் என்று ஒரு மார்க் கூட அதிகம் போட மாட்டார்கள். எங்கள் பேட்சில் பெரும்பாலோர் இன்று ராணுவத்தில் இல்லை. இன்ஜினியர், டாக்டர், பாங்க், ஒருவன் பொள்ளாச்சியில் இளநீர் ஏற்றுமதி. யாரும் கெட்டுப்போகவில்லை.

ஒரு வேடிக்கை சொல்கிறேன், குழம்பிவிடாதீர்கள். சேர்க்கைத் தேர்வை நடத்துவதும் என்.டி.ஏ., கடைசியில் போய்ச் சேர நினைப்பதும் என்.டி.ஏ. முதலாவது தேசியத் தேர்வு முகமை, இரண்டாவது புனே பக்கம் கடக்வாஸ்லாவில் இருக்கும் அகாடமி. எங்கள் அப்பா மாதிரி ஆட்கள் பேப்பரில் படித்துவிட்டு, ஆறாவது பையன் அகாடமி பரீட்சை எழுதுகிறான் என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவார்கள்.

ஆறாவதா ஒன்பதாவதா என்றால், உங்கள் பையனுக்கு ஆறாவதுதான். காரணம் இரண்டு. ஆறாவது தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், ஒன்பதாவது தேர்வு ஆங்கிலத்தில் மட்டும். இன்னொன்று, ஒன்பதாவதில் காலியாகிற இடத்துக்குத்தான் ஆள் எடுப்பார்கள், விரல் விட்டு எண்ணலாம். ஆறாவதுத் தேர்வுக்கு மொத்தம் 300 மதிப்பெண், அதில் கணக்கு மட்டும் 150. 50 கேள்வி, கேள்விக்கு 3. மீதி மொழி, பொது அறிவு, நுண்ணறிவு ஒவ்வொன்றும் 50. கணக்கில் கெட்டி என்கிறீர்கள், பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. எந்தப் பாடத்திலும் 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, மொத்தத்தில் 40 வேண்டும் (எஸ்.சி., எஸ்.டி.க்கு இது பொருந்தாது), ஆனால் அது வாசல் மட்டும், உள்ளே நுழைய அதைவிட நிறைய எடுக்க வேண்டியிருக்கும். சேரும் வருடம் மார்ச் 31 அன்று வயது பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். பிறந்த தேதி தோதாக இருந்தால் இரண்டு தடவை எழுதலாம், இரண்டாம் தடவையில் ஒரு வருடம் போகும், எத்தனையோ பேர் அப்படி வந்திருக்கிறார்கள். தங்கிப் படிக்கும் கோச்சிங்கெல்லாம் வேண்டாம்ங்க, பழைய வினாத்தாள் ஐந்து வாங்கி ஞாயிற்றுக்கிழமை காலையில் கடிகாரம் வைத்து உட்கார வையுங்கள்.

நானும் தமிழ் மீடியம்தான். முதல் டேர்மில் கணக்கு பீரியடைத் தவிர ஒன்றும் புரியவில்லை. மெஸ்ஸில் உப்பு கேட்கக்கூட ஆங்கிலத்தில் கேட்க வேண்டும், நான் பதினைந்து நாள் உப்பில்லாமல் சாப்பிட்டேன். தீபாவளி லீவுக்கு வந்தபோது வீட்டில் அம்மாவிடமே 'சால்ட் பிளீஸ்' என்று கேட்டு அடி வாங்கினேன். பத்து வயதில் இதெல்லாம் சீக்கிரம் வந்துவிடும்.

இப்போது விளையாட்டுக்கு வருகிறேன், நீங்கள் முக்கியமாகக் கேட்டது அதுதான். காலையில் இருட்டு விலகும்போதே வரிசையில் நிற்கிற ஃபால்-இன், பி.டி., அப்புறம் டிபன், வகுப்பு, சாயந்திரம் எல்லாருக்கும் கட்டாய கேம்ஸ், இரவு சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் பிரெப் என்கிற படிப்பு நேரம், லைட்ஸ் ஆஃப். இதில் விலக்கு யாருக்கும் கிடையாது, காய்ச்சல் வந்தால் தவிர. நான் சேரும்போது நல்ல குண்டு. கிராஸ் கன்ட்ரி என்கிற நெடுந்தூர ஓட்டம் அன்று ஹவுஸுக்கு ஹவுஸ் (பையன்களைப் பிரித்து வைத்திருக்கும் குழு) போட்டி, குறித்த நேரத்துக்குள் ஓடி முடிக்கும் ஒவ்வொரு பையனுக்கும் பாயிண்ட், அதனால் முதலில் வருகிறவனைவிடக் கடைசியில் வருகிறவன் மேல்தான் எல்லார் கண்ணும். பத்து நிமிடம் முன்பே முடித்துவிட்ட பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன் ஒருவர் திரும்பி ஓடி வந்து, என் பக்கத்திலேயே, வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே, நான் நடந்தால் முதுகில் கை வைத்துத் தள்ளி, கோடு தாண்டும்வரை விடவில்லை. வருட முடிவில் முதலிடம் வரும் ஹவுஸுக்குத் தருகிற காக் ஹவுஸ் கோப்பை யாருக்கு என்று கூட்டும்போது என் ஒரு பாயிண்டும் அதில் இருந்தது. அந்த அண்ணனோடு இன்றும் பேச்சு உண்டு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பள்ளி ஓடாதவனை ஓட வைக்கிற இடம். ஏற்கெனவே ஓடுகிறவனை மாநில சாம்பியன் ஆக்குவது அதன் வேலை இல்லை. இன்று ஹாக்கி, நாளை கூடைப்பந்து, அடுத்த வாரம் பாக்ஸிங் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். மற்ற சைனிக் பள்ளிகளோடு போட்டிக்கெல்லாம் போவார்கள்தான், ஆனால் 800 மீட்டருக்கென்று தனிக் கோச், தனி அட்டவணை என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

---

வாலு வசந்த்

முதலைப் பண்ணை பக்கத்திலேயே இருக்கிறது, ஓட்டப் பயிற்சிக்கு அதைவிட நல்ல கோச் யார் 😄

---

பழைய அமராவியன்

இந்த ஜோக்கை அவுட்டிங் போன எல்லா மாமாக்களும் சொல்லிவிட்டார்கள் தம்பி. புதுசாக ஏதாவது சொல்லு.

---

கிரவுண்டு வாத்தியார்

நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர், இருபது வருடம் ஆகப் போகிறது. மேலே நண்பர் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன், அதோடு ஒன்று.

பத்து வயதில் முந்துகிற பையன் பதினாறு வயதிலும் முந்துவான் என்று யாராலும் சொல்ல முடியாது சார். சில பிள்ளைகள் சீக்கிரம் வளர்ந்துவிடுவார்கள், ஆறாவதில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுவார்கள், ஒன்பதாவதில் மற்றவர்கள் வளர்ந்து வந்ததும் நடுவில் நிற்பார்கள். என் கையாலேயே எத்தனை பேருக்கு ஷூ வாங்கிக் கொடுத்து, இரண்டு வருடத்தில் அவர்கள் மைதானத்துப் பக்கமே வராமல் போனதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இப்போதே அவனை ஓட்டக்காரன் என்று முடிவு கட்ட வேண்டாம். நாலு விளையாட்டு விளையாடட்டும், அந்த வயதுக்கு அதுதான் நல்லது. அந்த வகையில் சைனிக் பள்ளி முறை ஒன்றும் தப்பில்லை.

ஓட்டம்தான் வேண்டும் என்று உறுதியாக இருந்தால் வேறு வழி இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள். ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளில் தேர்வுப் போட்டி வைத்துச் சேர்ப்பார்கள். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி, சீருடை எல்லாம் அரசு செலவு, படிப்பு பக்கத்துப் பள்ளியில். அங்கே தடகளத்துக்கென்று கோச் இருப்பார். ஆனால் அதில் எடை மாறிவிடும், அங்கே விளையாட்டு முன்னால், படிப்பு பின்னால். உங்கள் பையனுக்குக் கணக்கு வருகிறது என்கிறீர்கள், அதையும் யோசியுங்கள்.

வீட்டில் இருந்தே படித்தாலும் ஆறாவது முதல் பள்ளிப் போட்டிகள் இருக்கின்றன, குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகலாம். சைனிக் பள்ளி சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம், அவர்களுக்குப் போட்டிகளும் தனி வழி. பிறகு குழப்பம் வரக் கூடாது என்று சொல்கிறேன்.

இன்னொன்று, யாரும் சொல்ல மறந்துவிடுவார்கள். பணம் செலவழிக்கும் முன் பையனின் கண்ணையும் காலையும் பார்த்துவிடுங்கள். நிறக்குருடு இருக்கிறதா என்று கண் டாக்டரிடம் அந்தப் புள்ளிப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. பாதம் தட்டையாக இருக்கிறதா, நேராக நின்றால் முட்டியும் முட்டியும் இடிக்கிறதா என்பதை வீட்டிலேயே பார்க்கலாம், காலை நனைத்துச் சிமெண்ட் தரையில் நிற்க வைத்தால் தடம் காட்டிக் கொடுத்துவிடும். சேர்க்கையிலும் மருத்துவப் பரிசோதனை உண்டு, அகாடமிக்குப் போகும்போது இன்னும் கறாராக இருக்கும். ஏழு வருடம் கனவு கண்டுவிட்டு அங்கே போய் சிவப்பு பச்சை தெரியவில்லை என்று திரும்பி வந்த பையனை எனக்குத் தெரியும்.

---

ஈரோட்டு மஞ்சள்

அண்ணா, உங்கள் வீட்டம்மாவுக்காக இதை எழுதுகிறேன், அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

எங்கள் பையனை ஆறாவதில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்தோம். இது சைனிக் பள்ளி இல்லை, வேறு, பேர் வேண்டாம். மலைக் காற்று, பெரிய மைதானம், நீச்சல் குளம் எல்லாம் காட்டினார்கள். அவனுக்குப் போக இஷ்டமா என்று நாங்கள் கேட்கவே இல்லை, அவன் அப்பாவுக்கு இஷ்டம். மூன்று மாதத்தில் கூட்டி வந்துவிட்டோம். ஏன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், அவனுக்கு எப்போதாவது தூக்கத்தில் படுக்கை நனைந்துவிடும். வீட்டில் அது ஒரு விஷயமே இல்லை, நான் காலையில் விரிப்பை மாற்றிவிடுவேன். அங்கே அறையில் முப்பது பையன்கள். பயந்து பயந்து இரவெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான், வகுப்பில் தூங்கி அடி வாங்கியிருக்கிறான். போனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சாப்பிட்டேன், நல்லா இருக்கேன், அவ்வளவுதான். பார்க்கப் போன அன்று கன்னம் ஒட்டிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு நான் அவனை வண்டியில் ஏற்றிவிட்டேன். கட்டிய பணம் போனது போனதுதான்.

ஹாஸ்டலே கெட்டது என்று சொல்ல வரவில்லை. என் அண்ணன் பையன் அதே வயதில் வேறு ஹாஸ்டலில் ஜாலியாக இருக்கிறான், லீவுக்கு வந்தால் நாலு நாளில் போரடிக்கிறது என்கிறான். பிள்ளைக்குப் பிள்ளை வேறு. சேர்க்கும் முன் பாட்டி வீட்டில், அத்தை வீட்டில் ஒரு பதினைந்து நாள் தனியாக விட்டுப் பாருங்கள். தன் துணியைத் தானே துவைக்கிறானா, தலை தானே சீவுகிறானா, ராத்திரி எழுந்து அழுகிறானா என்று தெரிந்துவிடும். அப்புறம் விடுதியில் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள மேட்ரன் அம்மா இருக்கிறாரா, பையன்களை இரவில் யார் பார்த்துக்கொள்கிறார்கள், எத்தனை நாளுக்கு ஒரு முறை போன் பேசலாம் என்று நேரில் போய்க் கேளுங்கள்.

இன்னொன்று, அது பையன்களுக்கு மட்டுமான பள்ளி இல்லை இப்போது. 2021-22-லிருந்து சைனிக் பள்ளிகளில் ஆறாவதில் பெண் பிள்ளைகளையும் சேர்க்கிறார்கள், இடம்தான் குறைவு. என் சின்னவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள், நான்தான் காதில் விழாதது போல இருக்கிறேன்.

---

பழைய அமராவியன்

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. என் ரூமிலும் அப்படி ஒருவன் இருந்தான். எங்கள் மேட்ரன் அம்மா விடிவதற்கு முன்பே வந்து அவனை மட்டும் தட்டி எழுப்பி பாத்ரூம் அனுப்பிவிட்டு, ஒன்றும் தெரியாதது போலப் போய்விடுவார். அது எங்களுக்குத் தெரிய வந்ததே பத்தாவது படிக்கும்போது அவனே சிரித்துக்கொண்டு சொன்னபோதுதான். எல்லா இடத்திலும் அப்படி ஒருவர் இருப்பார் என்று நம்பிப் போக முடியாதுதான்.

பீஸ் விஷயம் யாரும் எழுதவில்லை. அரசுப் பள்ளி மாதிரி இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள் அண்ணா, வருடத்துக்கு லட்சத்துக்கு மேல் ஆகும். பெற்றோர் வருமானத்தைப் பொறுத்து மாநில அரசு உதவித்தொகை உண்டு, அதற்கு வருமானச் சான்றிதழ் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பையன்களுக்கு 67 சதவீத இடம், அதற்கு இருப்பிடச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாம் கேட்பார்கள். தனியாரோடு சேர்ந்து புதிதாகத் தொடங்கிய சைனிக் பள்ளிகளும் அதே தேர்வு வழியாகத்தான் எடுக்கிறார்கள், ஆனால் பீஸும் விதிமுறையும் வேறு, விண்ணப்பத்தில் பள்ளியின் பேரைப் பார்த்து டிக் அடியுங்கள்.

---

தாராபுரத்தான்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஈரோட்டு சகோதரி எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, இந்த அம்மா சொல்வதைக் கேளுங்கள், உங்கள் மச்சினன் சொல்வதைக் கேட்காதீர்கள் என்றாள். மச்சினன் அவளுடைய சொந்த அண்ணன்தான், என்னுடையவன் எப்போது ஆனான் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக பஸ்ஸில் உடுமலை போய் அங்கிருந்து அணைக்குப் போனோம். பள்ளிக்குள் விடவில்லை, முன்கூட்டிக் கேட்டுவிட்டு வர வேண்டுமாம், சரிதானே. பையன் ரோட்டோரம் நின்று வேலிக்கு அந்தப் பக்கம் மைதானத்தைப் பார்த்தான். தூரத்தில் பையன்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம், அப்பா அங்கே எல்லாரும் ஷூ போட்டிருக்காங்களே, ஷூ போட்டுத்தான் ஓடணுமா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அதை யோசித்துக்கொண்டே முதலைப் பண்ணை வரைக்கும் வந்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் பரீட்சை எழுதுகிறேன், கிடைத்தால் பார்ப்போம் என்றான், பெரிய மனுசன் மாதிரி. அவனை மே மாதம் முழுக்க காங்கேயத்தில் என் அக்கா வீட்டில் விடுவதாகவும் முடிவு செய்திருக்கிறோம். கண் டாக்டரிடம் புள்ளிப் புத்தகம் பார்த்தாயிற்று, எல்லா எண்ணையும் கடகடவென்று படித்துவிட்டான்.

கடைசியாக ஒரு சந்தேகம். பழைய வினாத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுத வைத்தேன், கணக்கில் 50-க்கு 38 சரி. ஆனால் தெரியாத கேள்வியை எல்லாம் விட்டுவிடுகிறான், தப்பாக எழுதினால் மார்க் குறைப்பார்கள் என்று யாரோ சொன்னார்களாம். குறைப்பார்களா?

---

பழைய அமராவியன்

38 நல்ல மார்க் அண்ணா. மார்க் குறைக்க மாட்டார்கள், ஒன்றையும் விடாமல் எல்லாவற்றுக்கும் வட்டத்தை நிரப்பச் சொல்லுங்கள். ஐந்தாவது பையன்களுக்கு ஓ.எம்.ஆர். என்கிற, வட்டம் நிரப்பும் விடைத்தாள் பழக்கம் இருக்காது, கேள்வி ஒன்று தவறினால் வட்டம் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும், அதனால் பத்துக் கேள்விக்கு ஒரு முறை நம்பரைச் சரிபார்க்கப் பழக்குங்கள். ஜெராக்ஸ் கடையில் ஓ.எம்.ஆர். மாதிரித் தாள் கிடைக்கும், இருபது எடுத்து வையுங்கள். பென்சில் கூடாது, பால்பாயிண்ட் பேனாதான், கருப்பு அல்லது நீலம்.